மைக் சித்தப்பாவும் கரண்ட் இல்லாத ஞாயிறும்

என் சித்தப்பா பேசமாட்டார். பேச வராதவர் இல்லை, கோபக்காரரும் இல்லை. பேசுவது மற்றவர்கள் வேலை, அதைச் சத்தமாக்கித் தருவது தன் வேலை என்று எப்போதோ மனசுக்குள் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டார். எங்கள் சர்ச்சில் மைக், ஸ்பீக்கர், ஃபேன், லைட் எல்லாம் அவர் பொறுப்பு. அதனால் எல்லாருக்கும் அவர் மைக் சித்தப்பா. உண்மையில் அவர் எனக்கு மட்டும்தான் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஆனால் அவரைவிட வயதில் மூத்த போதகரே வாய் நிறையச் சித்தப்பா என்று கூப்பிடும்போது நான் உரிமை கொண்டாடி என்ன ஆகப்போகிறது?

வார நாட்களில் அவருக்கு ஒரு சின்னக் கடை. மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி பழுது பார்ப்பார். கடைக்கு வருகிறவர்கள் தங்கள் மிக்ஸிக்கு நேர்ந்ததை ஆதியோடு அந்தமாகச் சொல்வார்கள். மூடி எப்படிப் பறந்தது, யார் மேல் விழுந்தது, அதற்கு மாமியார் என்ன சொன்னார், எல்லாம். சித்தப்பா தலையாட்டிக்கொண்டே கேட்பார். கடைசியில் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒரு தட்டுத் தட்டி, "நாளைக்கு" என்பார். அதோடு சரி. அந்த ஒரு வார்த்தையையும் மிச்சம் பிடிக்க நினைத்து, சில நாட்களில் விரலை மட்டும் காட்டிவிடுவார்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரே அறை, அது அவருடையது. ஒரு கட்டில், ஒரு மேஜை, கட்டிலுக்கு அடியில் உயிர் போன ஸ்பீக்கர்கள். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் இவர் வாயே திறக்காததால், மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். என் அம்மாவுக்கு, அதாவது அவருடைய அண்ணிக்கு, இதில் தீராத மனக்குறை. அம்மா சித்தப்பாவுக்கு நேர் எதிர். தூக்கத்தில்கூட யாருக்காவது யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கி மறுபடி பிரித்தால் இரண்டு சாதாரண மனிதர்கள் கிடைப்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு.

சர்ச்சின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் இடுக்கு இருக்கிறது. அதுதான் சித்தப்பாவின் ராஜ்யம். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக உள்ளே நுழைந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வரிசையாக இருக்கிற குமிழ்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். போதகருக்கு ஒரு குமிழ், வேதம் வாசிக்கிறவருக்கு ஒன்று, பாடகர் குழுவுக்குச் சில. ஒரு நாள் குடையைக் கொடுக்க உள்ளே போனபோதுதான் கவனித்தேன். எல்லாக் குமிழும் நடுவில் சமர்த்தாக நிற்க, ஒன்று மட்டும் கடைசிவரை திருகப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினால் கையோடு வந்துவிடும்.

அது யாருடையது என்று கேட்டேன். சித்தப்பாவின் காது சிவந்தது. ஹெட்ஃபோன் சூடாக்கியிருக்கும் என்று நினைத்தேன். ஹெட்ஃபோன் அப்போது கழுத்தில் இருந்தது.

அது டெய்லர் அக்காவின் குமிழ். பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் அவர்தான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தவர், தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கரையேற்றியவர், தனக்கென்று அளவெடுக்க மட்டும் நேரமில்லாமல் போய்விட்டது. கறாரான ஆள். பட்டன் அறுந்த சட்டையோடு யாராவது முன்னால் போய் நின்றால், நலம் விசாரிக்கும் முன்பே ஊசியை எடுத்துவிடுவார்.

அக்காவின் குரல் கடைசி பெஞ்சுவரை மணியடித்த மாதிரி கேட்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அக்காவும் அதில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பார். அந்த மணியை அடித்தது யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்தப்பா என்னிடம் சொன்னது, அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சுகளில் ஒன்று. அக்காவின் குரல் ரொம்ப மெல்லிசு. வருஷத்துக்கு வருஷம் இன்னும் மெலிந்துகொண்டே போகிறது. அவரும் வருஷத்துக்கு வருஷம் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது ஏற்ற இடமில்லை. இது அக்காவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஓட்டப்பந்தயம் ஓடியவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

ஒருத்தர் மேல் இவ்வளவு பிரியம் வைத்து, அதை ஒரு குமிழில் மட்டும் காட்டிக்கொண்டிருந்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. குடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் சர்ச்சுக்குப் பசுமை பிடித்தது. பிடிக்க வைத்தவர் பல் டாக்டர் அம்மா. பூமியைக் காப்பாற்றுவதை ஞாயிறு பள்ளியில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, நாமும் செய்ய வேண்டும் என்று ஒரு குழு அமைத்தார். நானும் அதில் சேர்ந்தேன். டாக்டர் அம்மா யாரிடமும் கெஞ்சமாட்டார், மிரட்டவும் மாட்டார். "கொஞ்சம்தான் வலிக்கும்" என்கிற முகத்தோடு பார்ப்பார். எதிரில் இருப்பவர் தானாகவே சம்மதித்துவிடுவார்.

முதலில் ஒழிந்தது, ஆராதனை முடிந்து டீ குடிக்கிற காகிதக் கப். அவரவர் டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஆட்களை யார் அறிவார்? முதல் வாரம் டம்ளர்கள் வந்தன. அடுத்த வாரம் அவை கொஞ்சம் வளர்ந்தன. அதற்கடுத்த வாரம் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தண்ணீர் மொள்ளுகிற சொம்போடு வந்து, இதுதான் வீட்டில் சுத்தமாக இருந்தது என்று முகத்தில் சலனமே இல்லாமல் நீட்டினார். டீ ஊற்றுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்தது பிளாஸ்டிக் பூ. மேடையைச் சுற்றி அடுக்கியிருந்த பூக்களுக்குப் பதிலாகத் தொட்டிச் செடி வைப்பது என்று தீர்மானம். ஆளுக்கொரு செடி கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பூசணிக்கொடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அது மண்ணையும் மழையையும் எதிர்பார்க்காமல், சுவிசேஷத்தைக் கேட்டே வளர்ந்தது. பிரசங்க மேடையைப் பிடித்து ஏறத் தொடங்கியதும் போதகர் பிரசங்கத்தின் நீளத்தைக் குறைத்துக்கொண்டார். அதிக நேரம் நின்றால் தன் மேலும் படர்ந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று அம்மா சொன்னார். பசுமைக் குழுவுக்கு அன்றைக்குக் கிடைத்த ஆதரவு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

பின்சுவரை ஒட்டி உரக்குழி வெட்டினோம். பல வருஷமாகப் பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிப்போயிருந்த ஜன்னல்களை நெம்பித் திறந்தோம். திறந்ததும் காற்று வந்தது. இவ்வளவு நாளும் காற்று வெளியில்தான் நின்றுகொண்டிருந்ததா என்று போதகர் வியந்துபோனார். அந்தக் காற்றைப் பார்த்ததும்தான் டாக்டர் அம்மாவுக்கு அடுத்த யோசனை உதித்தது. ஃபேன் வேண்டாம். வெளிச்சமும் வருகிறது, லைட்டும் வேண்டாம். அப்படியானால் மாதத்தில் ஒரு ஞாயிறு கரண்டே இல்லாமல் ஆராதனை நடத்தலாமே. மெயினையே அணைத்துவிடலாம்.

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா எழுந்து நின்றார். நாற்காலியில் ஏதோ குத்திவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் பேசினார். "மைக் இல்லேன்னா கடைசி பெஞ்சுக்குக் கேக்காது."

எத்தனையோ பேரை வாய் திறக்க வைத்த டாக்டர் அம்மாவே கொஞ்சம் ஆடிப்போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காரட்டும், முன் பெஞ்சுகள் கட்டிய நாள் முதல் காலியாகத்தானே கிடக்கின்றன என்றார். சித்தப்பா விடவில்லை. பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன மைக் செட்டைத் தானே செய்து தருவதாகச் சொன்னார். பேட்டரிக்குள் இருப்பதும் கரண்ட்தான் என்று டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார், அதுவும் மைக் சித்தப்பாவுக்கு. எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. போதகர் அறிவித்த அந்த முதல் ஞாயிறுக்குத் தனிப்பாட்டு டெய்லர் அக்காவுடையது.

சித்தப்பாவுக்கு மைக்கைப் பற்றிக் கவலையில்லை, தன் ராஜ்யம் ஒரு நாள் இருண்டு கிடக்குமே என்ற வருத்தமும் இல்லை. அக்கா எழுந்து நின்று வாயைத் திறப்பார். மணிச் சத்தம் வரும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். கொசு பறக்கிற சத்தம் வரும். இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தவர் அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்க வேண்டியிருக்கும். தான் ஆசையாகச் செய்த ஒரு காரியம், அவர் தலையில் கல்லாக விழப்போகிறது. அதற்கு முன்னால் யாராவது அவரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். விஷயம் தெரிந்தவர் உலகத்தில் ஒருத்தர்தான், என்னையும் சேர்த்தால் இரண்டு பேர். என் வாயை எடுத்த எடுப்பிலேயே சித்தப்பா அடைத்துவிட்டார், இதைத் தானேதான் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாளே தையல் கடைக்குப் போனார். போகும்போது முகத்தில் போருக்குப் போகிறவரின் களை. திரும்பி வரும்போது கையில் ஒரு ரசீது. என்ன சித்தப்பா என்றால், சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். கடைக்குள் நுழைந்ததும் அக்கா "என்ன தைக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கிறது, தான் கொண்டுபோன வார்த்தை மட்டும் மறந்துவிட்டது. அக்கா நாடாவை எடுத்துக் கழுத்தளவு எடுத்தபோது மூச்சையே நிறுத்திக்கொண்டதால், சட்டை ஒரு சுற்று இறுக்கமாக வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனார். இந்த முறை தலையணை உறை. வீட்டில் இருக்கிற தலையணைகளுக்கெல்லாம் உறை வந்தது, பிறகு இல்லாத தலையணைகளுக்கும் வந்தது. அதற்குப் பிறகு போனபோது சொல்ல ஒன்றும் தோன்றாமல், போட்டிருந்த பேண்ட்டையே நீளம் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரியான நீளத்தில் இருந்த பேண்ட். அக்கா மேலும் கீழும் பார்த்து, "நிஜமாவா?" என்று கேட்டிருக்கிறார். இவர் தலையாட்டியிருக்கிறார். அன்று முதல் கணுக்கால் தெரிய நடமாடினார். சர்ச்சில் சிலர், இதுவும் பசுமைத் திட்டத்தில் சேர்த்தியோ, துணியை மிச்சம் பிடிக்கிறாரோ என்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையைப் பிசைந்தார், மென்று விழுங்கினார், கடைசியில் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினார். குமிழ், குரல், தலையணை உறை, எல்லாம். முடித்துவிட்டு, "அண்ணி, நீங்க போய்ச் சொல்லிடுங்க" என்று கெஞ்சினார்.

அம்மாவுக்குக் கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுத்துவிட்டார். இது இன்னொருத்தர் வாயால் போகிற சமாசாரம் இல்லை, நீங்களே சொன்னால்தான் மரியாதை என்றார். கூடவே, இந்த விஷயம் தன்னோடு இருக்கும், காற்றுக்குக்கூடத் தெரியாது என்று சத்தியம் வேறு செய்தார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். கடை பூட்டியிருந்தது.

ஞாயிறு காலை மெயின் சுவிட்சை அணைக்கிற கௌரவத்தை அவருக்கே கொடுத்தார்கள். இறுக்கமான புதுச் சட்டை, குட்டைப் பேண்ட், தூக்கமில்லாத கண். சுவிட்சை இறக்கினார். ஃபேன்கள் ஒவ்வொன்றாக மெதுவாகி நின்றன. ஸ்பீக்கர்களில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற அந்த மெல்லிய 'ங்ங்' என்ற இரைச்சலும் நின்றது. அப்படி ஒரு இரைச்சல் இருந்ததே நின்ற பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா போக இடமில்லாமல் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். காதில் ஒன்றும் மாட்டாமல் அவர் சர்ச்சில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

இங்கே எங்கள் சர்ச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பக்தியுள்ளவர்கள்தான். ஆனால் இத்தனை வருஷமாக ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தின் அடியில் உட்கார்ந்து, சாவகாசமாகப் பேசிப் பழகியவர்கள். போதகர் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நாலு விஷயம் சொன்னால், அது அந்த முழக்கத்தில் கரைந்துவிடும். கிசுகிசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது கிசுகிசுவே இல்லை, சாதாரணப் பேச்சுதான். இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். மைக் இல்லாமலே குரல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாக்கியம் முடிந்து மூச்சு வாங்குகிற இடைவெளியில், போஸ்ட்மாஸ்டர் தன் மனைவியிடம் கேட்டது சர்ச் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. "அடுப்பை அணைச்சியா?"

அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தார். அவரைவிட மோசம், அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேர் தங்கள் தங்கள் அடுப்பை நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் எழுந்தே போய்விட்டார். போதகர் சமாளித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அடுத்த இடைவெளியில் இடதுபக்கத்திலிருந்து, "ஐயா தலைக்குச் சாயம் போட்டிருக்கார் பாரு" என்று வந்தது. போதகரின் கை தன்னை அறியாமல் தலைக்குப் போய்விட்டு, பாதியில் ஆசீர்வாதம் மாதிரி விரிந்தது. பெஞ்சுகள் குலுங்கின. டாக்டர் அம்மா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். என் அம்மாவோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இப்படியா இடம் பொருள் தெரியாமல் பேசுவார்கள் என்று எனக்கு ஜாடை காட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாரும் கப்சிப். தனிப்பாட்டு நேரம் வந்தது. டெய்லர் அக்கா எழுந்து முன்னால் வந்தார். பழக்கதோஷத்தில் மைக் நிற்கிற இடத்துக்குப் போய், இல்லாத மைக்குக்கு முன்னால் கழுத்தை நீட்டி நின்றார். நான் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். சித்தப்பா முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மட்டும், அங்கே இல்லாத ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த நிமிஷம் டாக்டர் அம்மா மேலேயே கோபம் வந்தது.

அக்கா பாட ஆரம்பித்தார். உதடு அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. முன் பெஞ்சுக்காரர்கள் குனிந்தார்கள், நடு பெஞ்சுக்காரர்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்கள். ஒரு நூலிழை மாதிரி ஏதோ ஒன்று எங்கேயோ கேட்டது. சர்ச்சே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது, சற்று முன்னால் ஊரையே கேலி செய்து சிரித்த என் அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்து, உலகத்திலேயே ரகசியமான குரல் என்று தான் நம்பிய குரலில் சொன்னார்.

"பாவம், அவளுக்குக் குரலே கிடையாது. எங்க கொழுந்தனார்தான் இத்தனை வருஷமா மைக்கை ஏத்தி ஏத்திப் பாட வெச்சுக்கிட்டிருந்தார். அவ்வளவு ஆசை அவ மேல."

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டது. உரக்குழிவரை கேட்டிருக்கும். அம்மா சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயை மூடினார், பிறகு முகத்தையே மூடினார். சித்தப்பா கடைசி பெஞ்சில் அப்படியே சரிந்து தலைமட்டும் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டார். குட்டைப் பேண்ட் முட்டிவரை ஏறிக்கொண்டது.

அக்கா நிறுத்திவிட்டார். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. அம்மாவைப் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். தனக்கு இடதுபக்கம், வழக்கமாகப் பாடகர் குழுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார். அதை ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. அவர் அழுதுகொண்டே வெளியே ஓடிவிடுவார் என்று நான் எழுந்து நிற்கத் தயாரானேன். அவர் ஓடவில்லை. கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். சர்ச்சுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். காலைக் கொஞ்சம் அகட்டி நின்றார். மூச்சை இழுத்தார். பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்.

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வது? கூரை ஓடு அதிர்ந்தது. திறந்துவைத்த ஜன்னல் வழியாக வெளியே போய், பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. முன் பெஞ்சுக்காரர்கள் பின்னால் சாய்ந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் காதில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். மைக்கில் நாங்கள் கேட்டது மணிச் சத்தம் என்றால், அந்த மணி ஒரு போர்வைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவரின் கையைக் கிள்ளிவிட்டேன், அவரும் என்னைத் திருப்பிக் கிள்ளினார்.

கடைசி பெஞ்சில் சித்தப்பா கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்துகொண்டிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் ஹெட்ஃபோனில் கம்பி வழியாகவே கேட்டவர், அந்தக் குரலை வெறும் காதால் கேட்பது அதுதான் முதல் தடவை.

ஆராதனை முடிந்து வெளியே டீ வரிசை நின்றது. அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றார். டெய்லர் அக்கா டம்ளரோடு நேராகச் சித்தப்பாவிடம் வந்தார். வரிசை நகர்வதை நிறுத்தியது. டீ ஊற்றுகிறவரும் கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றுவிட்டார். போஸ்ட்மாஸ்டரின் சொம்பு நிரம்பி வழிந்தது.

"மைக்கை ஏத்தினது நீங்கதானா?" என்று அக்கா கேட்டார்.

சித்தப்பா தலையாட்டினார்.

"எனக்குப் பக்கத்துல இருக்கிற பெட்டியில என் குரல் வந்து காதைப் பொளக்கும். கடவுள் எனக்கு இவ்வளவு பெரிய தொண்டையைக் குடுத்துட்டாரே, வயசாக ஆகப் பெருசாகிட்டே போகுதே, பக்கத்துல நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்கன்னு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா அடக்கிக்கிட்டே வந்தேன்."

சித்தப்பா எச்சில் விழுங்கினார். "நான், குரல் குறையுதேன்னு ஏத்திக்கிட்டே வந்தேன்."

இவர் ஏற்ற அவர் அடக்க, அவர் அடக்க இவர் ஏற்ற, இப்படியே ஓடிப்போன வருஷங்களை எல்லாரும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது டாக்டர் அம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு போதகர், பிறகு வரிசை முழுக்க. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அதைச் சொல்லத்தான் கடைக்கு வந்து வந்து துணி குடுத்தீங்களா?"

"ஆமா."

"அதை மட்டும் சொல்லத்தானா?"

சித்தப்பாவின் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கலை" என்றார் அக்கா.

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை, திருக ஒரு குமிழ் இல்லை. மறுபடி எதையோ சொன்னார். காற்றுத்தான் வந்தது.

"எனக்கு இன்னும் கேக்கலை."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். இறுக்கமான சட்டையின் மேல் பட்டன் தெறித்து விழுகிற அளவுக்கு மூச்சை இழுத்தார். "உங்களுக்கு இஷ்டம்னா நாம கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றார். சாலைக்கு அந்தப்பக்கம் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். சித்தப்பா கண்ணைத் திறக்கவேயில்லை.

அக்கா குனிந்து பட்டனைப் பொறுக்கினார். அதைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"சரி" என்றார். டீயை ஒரு மடக்குக் குடித்தார். அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "இதை வாயைத் திறந்து அப்பவே சொல்லியிருந்தா, இந்த சர்ச்சுக்கு எவ்வளவு கரண்ட் மிச்சமாகியிருக்கும்."